சவர்க்காரத்துக்கு எந்த நீலம்?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கான சுயதொழில்களைப் பட்டியலிடும்போது தையல், கோழி வளர்ப்பு என்பவற்றுக்கு அடுத்ததாகச் சவர்க்காரம் செய்தல் இடம்பெறுவது வழமை. அதற்குக் காரணமும் உண்டு. காணி இல்லாதவர்களும் செய்யக்கூடிய தொழில் அது. தேங்காயெண்ணெய், எரிசோடா, நீர் ஆகிய மூன்றும், ஒரு தராசும், மரப்பெட்டி அச்சும், மழையில் நனையாத ஒரு மூலையும் இருந்தால் தொடங்கிவிடலாம். 1990 இன் பின்னர் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் சவர்க்காரம் கிடைத்தற்கரிய பொருளாகியது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த அந்தத் தலைமுறைக்கு இத்தொழிலின் பெறுமதியை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் கடைச் சவர்க்காரத்தின் விலை ஏறியபோது இளையவர்களும் அதனை உணர்ந்துகொண்டனர்.

ஆனால் செய்வது ஒன்று, விற்பது வேறொன்று. நாம் செய்த வெள்ளைக் கட்டியைக் கடைத் தட்டில் வைத்தால், அருகிலுள்ள நீலக் கட்டியையே வாங்குவோரின் கை நாடுகின்றது. நீலம் என்றால் வெண்மை, வெண்மை என்றால் சுத்தம் என்ற எண்ணம் எமது மக்களிடையே ஊறிப்போயிருக்கின்றது. அப்போதுதான், "எந்த நீலத்தைப் போடலாம்?" என்ற கேள்வி எழுகின்றது. ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி தூள் பற்றிய சிறிய கேள்வியாக இது தோன்றலாம். ஆயினும் கடன்பட்டுப் போட்ட முதலும், வாங்குவோரின் நம்பிக்கையும், குழந்தைகளின் தோலும் அந்த ஒரு தேக்கரண்டியிலேயே தங்கியிருக்கின்றன.

இது விடயத்தில் எமது நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுகின்றோம். நீலத்தைக் கண்ணால் தெரிவு செய்தல் கூடாது. முதலில் காரம் அதனைத் தெரிவு செய்ய வேண்டும். அடுத்துத் தோல் தெரிவு செய்ய வேண்டும். இந்த இரண்டு வாசல்களையும் கடக்காத நீலம் எவ்வளவு அழகானதாயினும், எவ்வளவு மலிவானதாயினும் எமக்கு வேண்டாம். பெயர் தெரிந்த நல்ல நீலம் கைக்கு வரும்வரை வெள்ளைக் கட்டியையே விற்போம்.

காரம் என்னும் முதல் வாசல்

எண்ணெயும் எரிசோடாவும் கலந்த சவர்க்காரக் கூழ், அச்சில் வார்க்கும் வேளையில் கடுமையான காரமாக இருக்கும். நாள்கள் செல்லச் செல்ல அக்கடுமை தணிந்தாலும், நன்கு முதிர்ந்த சவர்க்காரமும் காரப் பக்கமே நிற்கும். ஆகவே தண்ணீரில் நீலமாகத் தெரியும் பொருள் சவர்க்காரத்திலும் நீலமாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வேலிகளில் படரும் நீலக் காக்கணம்பூவை எடுத்துக்கொள்வோம். சங்குப்பூ என்றும் இதனைச் சொல்வர். வெந்நீரில் இட்டால் கண்ணைப் பறிக்கும் நீலம் இறங்கும். அதில் தேசிக்காய்ப் புளி விட்டால் ஊதாவாக மாறும். காரத்தில் இட்டாலோ பச்சையாகி, பின்னர் மஞ்சளும் மண்ணிறமுமாகச் சீர்கெட்டுப்போகும். பூவில் எக்குறையும் இல்லை. அதன் சாயத்தின் இயல்பு அது. "மூலிகை நீலச் சவர்க்காரம்" செய்யலாம் என்று நம்பி இப்பூவைச் சேர்ப்பவருக்குக் கிடைப்பது பாசி படிந்தது போன்ற கட்டியே. இப்பூவை அரைத்துப் போட்டதாகக் கூறி விற்கப்படும் சவர்க்காரம் தெளிந்த நீலமாக இருந்தால், அந்த நீலம் வேறெங்கிருந்தோ வந்தது என்பதை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இரும்பிலிருந்து செய்யப்படும் பிரசிய நீலமும் அவ்வாறானதே. ஓவியர்களுக்கு அது நல்ல நிறம். காரத்தில் அது சிதைந்து துருப்பிடித்த மண்ணிறமாகும். இனிப்புப் பண்டங்களுக்கு இடும் நீலத் திரவங்களுள் சில காரத்தில் வெளிறிவிடும். வெளிறாதவை நீரில் கரையும் இயல்பு உடையவை. அதனால் நுரையுடன் சேர்ந்து இறங்கிக் கையையும் துணியையும் நனைக்கும்.

காரத்தைத் தாங்குபவற்றுள் முதலிடம் அல்ட்ராமரைன் நீலத்துக்கு உரியது. முற்காலத்தில் ஆப்கானிஸ்தானின் மலைகளில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்து இதனைச் செய்தனர். பொன்னுக்கு நிகரான விலை பெற்றது. 1828 இல் பிரான்சைச் சேர்ந்த கிமே என்பவர் இதனைச் செயற்கையாகச் செய்யும் முறைக்காகப் பரிசு பெற்றார். வெண்களி, சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சூளையில் சுட்டுச் செய்வதே அம்முறை. அதன்பின் அரசர்களின் நீலம் வண்ணாரத் தொழிலாளரின் நீலமாயிற்று. எமது தாய்மார் வெள்ளை வேட்டிக்கும் பாடசாலைச் சீருடைக்கும் போட்ட பழைய நீலக் கட்டியும் நீலப் பொடியும் பெரும்பாலும் இதுவே.

இது சாயம் அன்று, கரையாத நுண்தூள். காரம் இதனை அசைப்பதில்லை. புளிதான் இதன் பகைவன். சிறிதளவு தூளில் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு வைத்தால் அது மெல்ல வெளிறி, கூழ்முட்டை நாற்றம் எழும். நீரில் கலக்கி ஓர் இரவு அசையாது வைத்தால் தூள் அடியில் படிந்து மேல்நீர் தெளியும். கரையும் சாயமாயின் மேல்நீர் நீலமாகவே நிற்கும். படிக்காதவர்களும் குசினியில் செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இவை.

தோல் என்னும் இரண்டாம் வாசல்

காரத்தைத் தாங்கிவிட்டது என்பதற்காக ஒரு நீலம் மனிதத் தோலுக்கு உகந்ததாகிவிடாது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வர்ணத்தில் சேர்க்கப்படும் நீலம் காரத்தில் அசையாது நிற்கும். ஆனால் அதனுடன் வேறு என்னென்ன கலந்துள்ளன என்பதை விற்பவரும் அறியார். துணிக்கு இடும் சாயப் பக்கெற்றுகளும் அவ்வாறே. அவை நூலைப் பற்றுவதற்கெனச் செய்யப்பட்டவை, உடலில் பூசுவதற்கென அல்ல. போத்தல்களில் வரும் இன்றைய திரவ நீலங்களுள் பல அல்ட்ராமரைன் அல்ல; நீரில் கரையும் செயற்கைச் சாயங்கள். பெயர் "நீலம்" என்று இருப்பதால் பழைய நீலம் என்று எண்ணிவிடக்கூடாது.

உழவர் குடும்பங்களுக்கு இவ்விடத்தில் விசேடமாக ஓர் எச்சரிக்கை கூறவேண்டியுள்ளது. எமது வீடுகளில் துரிசு எனப்படும் செப்புச் சல்பேற்று இருப்பதுண்டு. சுண்ணாம்புடன் சேர்த்துப் பயிர் நோய்களுக்குத் தெளிக்கும் மருந்து அது. அதன் நீலம் பளபளப்பானது. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது. "இதனைச் சிறிது போட்டால் என்ன?" என்று தோன்றுவது இயற்கை. போடவே கூடாது. அது வயிற்றுக்குள் போனால் நஞ்சு. தோலையும் கண்ணையும் உறுத்தும். மேலும் சவர்க்காரத்துடன் சேர்ந்து பச்சையாக மாறும். செப்பு, எண்ணெயை விரைவில் ஊசிப்போகவும் செய்யும். ஆக, கேடு விளைவிப்பதோடு நிறத்தையும் தராத பொருள் அது.

அல்ட்ராமரைனிலும் தரவேறுபாடு உண்டு. உடலில் பூசும் பொருள்களுக்கென விற்கப்படும் தூளில் ஈயம், ஆசனிக்கு, பாதரசம் போன்ற நச்சு உலோகங்கள் குறித்த அளவை மீறாதிருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு. துணிக்கென விற்கப்படும் மலிவான நீலத்துக்கு அத்தகைய பரிசோதனை நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே குளிக்கும் சவர்க்காரத்துக்கு வாங்குவதாயின் பொதியில் அல்ட்ராமரைன் என்ற பெயரும், 77007 என்ற உலகப் பொது நிற இலக்கமும், அழகுசாதனப் பாவனைக்கு உகந்தது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குக. எழுத்தில்லாத சொப்பிங் பையில் கட்டித் தரப்படும் நீலத்தை வாங்காதீர்கள்.

எந்தக் கட்டிக்கு நீலம் வேண்டும்?

இங்கேயே நாம் அடிப்படையான ஒரு கேள்வியையும் எழுப்ப விரும்புகின்றோம். குளிக்கும் சவர்க்காரத்துக்கு நீலம் எதற்கு? உடலை அழுக்கு நீக்குவதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. அது கண்ணுக்கான அலங்காரம் மட்டுமே. ஆனால் தோய்க்கும் சவர்க்காரத்தில் நீலத்துக்கு ஒரு வேலை உண்டு. வெள்ளைத் துணி நாளடைவில் மஞ்சள் பூக்கும். மெல்லிய நீலச்சாயல் அம்மஞ்சளை ஈடுசெய்வதால் துணி வெண்மையாகத் தெரிகின்றது. நீலம் போடுதலின் முழு இரகசியமும் அதுவே. கடைசி அலசலில் நீலம் போடுவது போன்ற பலன் சவர்க்காரக் கட்டியிலிருந்து கிடைக்காவிட்டாலும், ஓரளவு பயன் உண்டு. பிறநாடுகளிலும் அல்ட்ராமரைன் கலந்த நீலச் சவர்க்காரங்கள் துணி துவைப்பதற்கென்றே நெடுங்காலமாக விற்பனையாகி வந்துள்ளன.

எமது பிரதேசத்தின் தேவையும் இதற்கு ஒத்துவருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது, அதனால் வன்னீர். பல சவர்க்காரங்கள் அதில் நுரைக்காது திரைந்து போகும். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரமோ அந்நீரிலும், ஓரளவு உவர் நீரிலும்கூட, ஏனையவற்றை விட நன்றாக நுரைக்கும். பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை வாரம் தவறாமல் தோய்க்கப்படுவது. இவற்றை எண்ணிப் பார்த்தால், தொழிலைத் தொடங்கும் குடும்பத்துக்கு எமது ஆலோசனை எளிதானது: தோய்க்கும் கட்டிக்கு நீலம், குளிக்கும் கட்டிக்கு வெள்ளை. குளிக்கும் கட்டிக்கும் நிறம் வேண்டும் என்போர், மேற்கூறிய குறிப்புகளுள்ள தூளை மட்டும் பயன்படுத்தட்டும்.

அளவிலும் சிக்கனம் தேவை. ஒரு கிலோ எண்ணெய்க்கு 5 கிராம் அல்ட்ராமரைன், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, போதுமானது. கூடினால் நுரையே நீலமாகித் துணியில் கறை விழும். தூளை நேரே கூழில் கொட்டாது, சிறிதளவு எண்ணெயில் கட்டியின்றிக் குழைத்துச் சேர்க்க வேண்டும். எண்ணெயின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். வெயிலில் காய்ந்த நல்ல கொப்பராவின் எண்ணெய் வெண்மையான கட்டியைத் தரும்; அதில் நீலம் நீலமாகவே விளங்கும். புகையில் கறுத்த கொப்பராவின் எண்ணெயும், வேப்பெண்ணெயும், நல்லெண்ணெயும் மஞ்சளான கட்டியைத் தருபவை. நீலத்துடன் அம்மஞ்சள் சேரப் பச்சையே வரும். பொடியில் பிழையென்று மேலும் பொடி சேர்ப்பதால் பயனில்லை.

எந்தத் தூளாயினும் முழுத் தொகுதியிலும் சேர்க்கும் முன்னர் ஒரு கரண்டிக் கூழில் கலந்து, தனிச் சிரட்டையில் வார்த்து, ஒரு கிழமை வைத்துப் பாருங்கள். பளைப் பகுதியின் தென்னைகள் போரில் பெருமளவு அழிந்தமையால் ஏற்பட்ட இழப்பை நாம் அறிவோம். தேங்காயெண்ணெய் இன்று கவனமின்றிச் செலவிடும் பொருள் அன்று. 10 கிலோ எண்ணெயைப் பாழாக்குவதிலும் பார்க்க ஒரு சிரட்டையைப் பாழாக்குவது மேல்.

எரிசோடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 175 கிராமுக்கு மேல் எரிசோடா வேண்டாம். கைமதிப்பில் போடாது தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். சோடாவைத்தான் நீரில் இட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துச் சிதறும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. கையுறையும் கண்ணுக்குக் காப்பும் வேண்டும். வார்த்த கட்டியை நான்கு கிழமையாவது காற்றாட முதிரவிட்டே பாவிக்க வேண்டும். ஓர் அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் தற்காலிகக் கொட்டிலில் எரிசோடாப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைப்பது, எந்த நீலத்தைத் தெரிவு செய்வது என்பதிலும் முக்கியமானது.

அவுரியை நடலாமா?

தாவர நீலமே வேண்டும் என்போருக்கு அவுரி உண்டு. அவுரி நீலம் காரத்தைத் தாங்கும். சற்றே சாம்பல் படிந்த, அடக்கமான நீலத்தைத் தரும். ஆனால் மருந்துக் கடையில் தலைமுடிக்கென விற்கப்படும் அவுரி இலைப்பொடி வேறு, பிரித்தெடுத்த அவுரி நீலம் வேறு. இலைப்பொடியைச் சவர்க்காரத்தில் போட்டால் பச்சை கலந்த சாம்பல் நிறமே வரும். நீலம் வேண்டுமாயின் பச்சிலையை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் காற்றுப்பட நெடுநேரம் அடித்துக் கலக்கி, அடியில் படியும் நீலச் சேற்றை வடித்துக் காயவைக்க வேண்டும். மூட்டை மூட்டையாக இலை போட்டாலும் கிடைப்பது சிறிதளவு நீலமே.

அவுரி அவரை இனத்தைச் சேர்ந்தது. மண்ணுக்கு நைதரசன் சேர்ப்பது. ஊறிய இலை நல்ல பசளை. வேலியோரத்தில் நாலு வரிசை நட்டு, சங்கமாகச் சேர்ந்து நீலம் எடுத்துப் பழகுவதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் வெளிநாட்டில் கிராக்கி உண்டு என்று எவரேனும் கூறுவதைக் கேட்டு, மீண்டும் கிடைத்த காணி முழுவதிலும் அதனை நடுவதை ஆதரிக்க மாட்டோம். வரலாறு எம்மை எச்சரிக்கின்றது. இந்தியாவின் பீகாரில் தோட்ட முதலாளிகள் குடியானவர்களின் நிலத்தில் 20 பங்குக்கு 3 பங்கில் கட்டாயமாக அவுரி பயிரிடச் செய்தனர். 1897 இல் ஜேர்மனியின் தொழிற்சாலை நீலம் சந்தைக்கு வந்ததும் அவுரியின் விலை விழுந்தது. இழப்பைச் சுமந்தவன் குடியானவன். அந்தக் குறையைக் கேட்கவே 1917 இல் காந்தியடிகள் சம்பாரணுக்குச் சென்றார். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களுள் ஒரு பகுதியினர் இன்னமும் தம் காணிக்குத் திரும்பவில்லை. அவ்வளவு காலம் காத்திருந்து பெறும் மண்ணில் முதலில் விளைய வேண்டியது குடும்பத்தின் உணவு; நீலம் வேலியோரத்தில் நிற்கட்டும்.

பயிற்சி தருவோருக்கு

சுயதொழிற் பயிற்சி நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு விண்ணப்பம். எமது திருச்சபை அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. ஒருநாட் பயிற்சி, முடிவில் குழுப் படம், கையில் பெயரில்லாத நிறப்பொடிப் பக்கெற் ஒன்று என்ற அளவில் பணி முடிந்ததாகக் கருதுவது பொருந்தாது. கொடுத்த பொடி தீர்ந்ததும் அந்தக் குடும்பம் எதனை, எங்கே, என்ன பெயரில் கேட்டு வாங்குவது? பொடியின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். 5 கிராம் கொள்ளும் கரண்டி ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். சோதனைச் சிரட்டை வார்க்கக் கற்றுக்கொடுங்கள். நல்ல அல்ட்ராமரைன் ஒரு கிலோ 200 கிலோ எண்ணெய்க்குப் போதும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று அதனை மொத்தமாகக் கொள்வனவு செய்து 20 குடும்பங்களுக்குப் பங்கிட்டால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50 கிராம் கிடைக்கும்; 10 கிலோ எண்ணெய்க்கு அது போதும். தனித்தனியே அலைந்து மலிவுப் பொடி வாங்கவேண்டிய நிலை அப்போது இராது.

செய்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கட்டியைச் சுற்றும் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அல்ட்ராமரைன் போட்டால் அல்ட்ராமரைன் என்று எழுதுவதில் வெட்கமில்லை. காக்கணம்பூப் படத்தை ஒட்டி ஏமாற்றுவதில்தான் வெட்கம் உண்டு. நிவாரண வரிசையில் நின்றவர்கள் என்ற இரக்கத்தில் ஒருமுறை வாங்குவார்கள். சொன்ன சொல்லும் தந்த பொருளும் ஒன்றாயிருந்தால் மட்டுமே மறுமுறையும் வாங்குவார்கள்.

திருத்தூதர் பணிகள் நூலில் லீதியா என்ற பெண்ணைச் சந்திக்கின்றோம். தியத்திரா நகரத்தவரான அவர் பிலிப்பி நகரில் செந்நிற ஆடை விற்றவர். நிறத்தை விற்றுப் பிழைத்தவர். சொந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்ந்தவர். பவுலடியாரையும் உடன் வந்தோரையும் தம் வீட்டில் ஏற்று உபசரித்தவர். எமது தாய்மாரும் சகோதரிகளும் அவரைத் தம்முள் ஒருவராகவே எண்ணலாம். வேற்றூரில் பிழைப்பவளுக்குப் பரம்பரைக் காணியோ உறவின் பலமோ துணையில்லை. அவள் விற்கும் நிறம் கழுவினாலும் மாறாததாக இருப்பதே அவளுக்குத் துணை.

எனவே அடுத்த தொகுதி வார்ப்பதற்கு முன் கையிலுள்ள பொடியின் பெயரைக் கேட்டறியுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் அதனை ஒதுக்கி வைத்துவிட்டு வெள்ளையாகவே வாருங்கள். வெள்ளைக் கட்டியும் அழுக்கை நன்றாகவே நீக்கும்.